கறுப்பியை அளந்த நாள்

எங்கள் வயதுக்காரர் நாலு பேர் கூடினால், இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பட்ட பாட்டைப் பற்றிப் பேச்சு வராமல் போவதில்லை. ஒருவர் முதல் பனியில் செருப்போடு நடந்ததைச் சொல்வார். இன்னொருவர் ஒரே அறையில் பதினொரு பேர் படுத்ததைச் சொல்வார். சிரிப்போம், தேத்தண்ணி குடிப்போம், வீட்டுக்குப் போவோம். நான் நாய்க் கதையைத் தொடங்கினால் மட்டும் ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொள்கிறீர்கள். நான் கவனிக்காமல் இல்லை. அந்தக் கதையை இதுவரை முழுதாகச் சொன்னதும் இல்லை. பாதியில் எனக்குக் குரல் உயர்ந்துவிடும், யாராவது பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால் இந்த முறை எழுதுகிறேன். எழுதும்போது குறுக்கே பேச ஆள் இல்லை.

எனக்குப் பன்னிரண்டு வயது. ரொறன்ரோவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அப்பா ஊரில் உடற்பயிற்சி வாத்தியார். இங்கே கிழமை நாட்களில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். சனிக்கிழமைகளில் ஒஷாவாவுக்கு அப்பால் ஒரு கிழவருடைய நாய்க் கூடுகளைக் கழுவினார். எங்கள் அகதிக் கோரிக்கைக்கு நவம்பரில் விசாரணை வைத்திருந்தார்கள். வீட்டில் எந்தப் பேச்சும் அந்த விசாரணையில் போய்த்தான் முடியும். எனக்குக் குளிருக்கு ஒரு நல்ல கையுறை வேண்டும் என்றாலும் "கேஸ் முடியட்டும்" என்பார் அம்மா.

அப்பாவுக்கு இங்கிலிஷ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். வெள்ளைக்காரர் வாயைத் திறந்தால் ஒன்றும் பிடிபடாது. அதனால் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். அவர் சொல்வதை நான் கிழவருக்குச் சொல்ல வேண்டும், கிழவர் சொல்வதை அவருக்குச் சொல்ல வேண்டும். உங்களில் பாதிப் பேர் வீட்டில் அந்த வேலையைச் செய்தவர்கள்தான். டொக்டரிடம், வீட்டுக்காரரிடம், பள்ளிக்கூடத்தில் நம்மைப் பற்றியே முறைப்பாடு சொன்ன ரீச்சரிடம் என்று எல்லா இடத்திலும் பேசியது நாம்தான். நமக்குச் சம்பளம் தந்தது யார்?

ஒஷாவா பஸ் நிலையத்தில் கிழவர் வந்து ஏற்றிக்கொள்வார். கார்த் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டில், அதற்குள் கம்பி வலை அடித்த பதினான்கு கூடுகள். எல்லாம் பீகிள் நாய்கள். குட்டைக் கால், தொங்கும் காது, நுனி வெளுத்த வால். கதவைத் திறந்ததும் மரத்தூளும் மூத்திரமும் அவித்த இறைச்சியும் சேர்ந்த மணம் முகத்தில் அடிக்கும். தேவாலயத்தில் தந்த ரப்பர் பூட்ஸ் எனக்கு இரண்டு அளவு பெரிது. முன்பக்கம் பேப்பரை அடைத்துப் போட்டுக்கொண்டு வாளி தூக்குவேன். திரும்பி வந்தால் அம்மா எங்களை வீட்டுக்குள் விடமாட்டார். ஒன்பதாம் மாடி நடைபாதையில் வைத்தே மேற்சட்டையைக் கழற்றச் சொல்வார். நாயைத் தொட்டுவிட்டு வருகிற மனுசன் வாத்தியாராக இருந்தவர் என்று யாருக்கும் சொல்ல வேண்டாம் என்பது அம்மாவின் கட்டளை.

ஐந்தாம் கூட்டில் இருந்தவள்தான் கறுப்பி. தாளில் அவளுக்கு ஒரு முழ நீளத்துக்குப் பெயர் இருந்தது, அதைக் கிழவரே கூப்பிட மாட்டார். முதுகு கறுப்பாக இருந்ததால் நான் கறுப்பி என்றேன், இரண்டாம் கிழமையே அவள் அந்தப் பெயருக்கு வந்தாள். இந்த நாட்டில் நான் தமிழில் கூப்பிட்டு ஓடி வந்த முதல் ஆள் அவள். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒருத்தரும் பேசாத வருடம் அது. சனிக்கிழமை எப்போது வரும் என்று ஐந்து நாளும் விரலை மடக்கிக்கொண்டிருப்பேன்.

கிழவர் அவளைப் பின்பக்கப் புல்வெளியில் அவிழ்த்து விடும்போது பார்க்க வேண்டும். மூக்கைத் தரையில் வைத்தால் பிறகு நிமிரமாட்டாள். முயல் வளைந்து போன இடத்தில் மற்ற நாய்கள் நேரே ஓடி, பிறகு நின்று விழிக்கும். இவள் அந்த வளைவிலேயே வளைந்து, குரல் கொடுத்துக்கொண்டு போவாள். யாரும் முயலைக் கொல்வதில்லை. அது பொந்துக்குள் போனால் விளையாட்டு முடிந்தது. எந்த நாய் மணத்தை விடாமல், பிசகாமல் பின்தொடர்கிறது என்று பார்த்து இடம் கொடுப்பார்கள். அப்படிப் போட்டிகள் நடக்கின்றன என்பதே எங்களுக்குப் புதினமாக இருந்தது.

அந்தப் போட்டிக்கு ஒரு விதி. தரையிலிருந்து தோள் வரைக்கும் நாயை அளப்பார்கள். பதின்மூன்று அங்குலமும் அதற்குக் கீழேயும் ஒரு பிரிவு. அதற்கு மேல் பதினைந்து வரை இன்னொரு பிரிவு. பதினைந்தைத் தாண்டினால் ஓட முடியாது. இதை நான் சொன்னதும் அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் ஊரில் நடத்திய விளையாட்டுப் போட்டியிலும் பதின்மூன்று வயதுக்குக் கீழ், பதினைந்து வயதுக்குக் கீழ் என்று பிரிவுகள் இருந்தன. மீசை அரும்பிய பிள்ளையைப் பதினைந்துக்குக் கீழே ஓட விடச் சொல்லிக் கெஞ்சிய தகப்பன்மாரிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்பியவர் அவர். இந்த நாட்டில் அவருக்கு விளங்கிய முதல் சட்டம் இதுதான் என்று நினைக்கிறேன்.

எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. மூக்கால் ஓடும் போட்டிக்கு முதுகை ஏன் அளக்கிறார்கள்? கால் நீண்ட நாய் வேகமாக ஓடும், சின்ன நாய்களுக்கு அது அநியாயம் என்பார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் எல்லா நாயையும் ஒரே மாதிரி அளக்க வேண்டும். அங்கே நடந்தது அதுவல்ல.

கறுப்பி பதினைந்து அங்குல எல்லைக்கோட்டில் நின்றாள். கிழவரிடம் மரத்தில் செய்த ஓர் அளவுச் சட்டம் இருந்தது. இரண்டு கால், மேலே ஒரு குறுக்குக் கட்டை, சின்ன வாசல்நிலை போல. அதை நாயின் தோளுக்கு மேலாக இறக்க வேண்டும். சட்டத்தின் கால்கள் பலகையைத் தொட்டால் நாய் அளவுக்குள். தொடாமல் தொங்கினால் வெளியே. அவள் தளர்ந்து நின்றால் தொட்டது. விறைத்து நின்றால் தொங்கியது. கிழவர் சிரித்துக்கொண்டே வழி சொன்னார். அளக்கும் நாள் காலை வயிறு நிறையக் கொடுங்கள், காதைத் தடவுங்கள், கால்களைக் கொஞ்சம் அகட்டி விடுங்கள், தானாக இறங்கிவிடும் என்றார். எல்லாரும் செய்வது இதைத்தானாம். நான் அப்பாவுக்குச் சொன்னேன்.

"அது கள்ளம், பிள்ளை. அளக்கேக்க நேரா நிக்கோணும்" என்றார் அப்பா.

நேராக நிற்பதில் அவருக்கு ஒரு பைத்தியம். நாய்களைக் குளிப்பாட்டும்போதுகூட ஒரு சீழ்க்கை அடிப்பார். குதிகாலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி அவர் நிற்பார், நாய்களும் அப்படியே நிற்கும். அதைப் பார்த்துக் கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். பதினான்கு நாய்களிலும் அதை முதலில் பழகியவள் கறுப்பி.

நான் வேறு பக்கத்தால் பழக்கினேன். அப்பா மற்றக் கூடுகளைக் கழுவும் நேரம் பார்த்துக் கறுப்பியை ஒரு பலகையில் ஏற்றி, இடது காதின் அடியைத் தடவுவேன். அவள் கண்ணைச் சொருகிக்கொண்டு, முதுகு குழிய நிற்பாள். மரச் சட்டத்தை இறக்கிப் பார்ப்பேன். டக்கென்று தொடும். செப்டெம்பர் முழுக்க இதுதான் என் வேலை. ஏனென்றால் கிழவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அளவுக்குள் நின்றால் கறுப்பி அந்தக் கொட்டிலிலேயே இருப்பாள், குட்டியும் அங்கேதான் போடுவாள். வெளியே போனால் வடக்கே இருக்கும் ஒரு முயல் வேட்டைக்காரரோடு போய்விடுவாள். வேட்டைக்கு அளவு கிடையாது, அந்த ஆள் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். கிழவர் நல்ல மனிதர்தான். ஆனால் போட்டியில் ஓட முடியாத நாயை அவர் வைத்திருப்பதில்லை.

ஒக்டோபரில் கிழவர் கூரைப் பீலியில் இலை அள்ளப் போய் ஏணியிலிருந்து விழுந்தார். கால் முழுக்க மாக்கட்டு. போட்டிக்குக் கறுப்பியை அப்பாதான் கொண்டுபோக வேண்டும் என்றானது. எங்களை ஏற்றிக்கொண்டு போக வந்தவர் யார் தெரியுமா? அதே வேட்டைக்காரர். எப்படியும் அவர் அன்று அங்கே போகிறாராம், நாய் அளவில் தவறினால் அப்படியே கொண்டுபோகலாம் என்று கிழவர் தொலைபேசியில் ஒழுங்கு செய்திருந்தார். அந்த மனிதர் எனக்கு ஒரு மிட்டாய் தந்தார். வழி முழுக்க அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு இருந்தேன்.

போட்டி நடத்தும் நாய்க் கழகத்தின் மைதானம் வேலி போட்ட பெரிய புல்வெளி. வாசலில் மரக் கட்டடம், உள்ளே கோப்பி மணமும் பன்றி இறைச்சி பொரியும் மணமும். தொப்பி போட்ட ஆண்கள் நாற்பது பேர் இருப்பார்கள். அப்பா தன்னிடம் இருந்த ஒரே கோட்டைப் போட்டிருந்தார், விசாரணைக்கென்று வாங்கி வைத்த கோட்டு. எங்களைப் பார்த்ததும் பேச்சு கொஞ்சம் நின்று, பிறகு தொடர்ந்தது.

ஒரு மேசையில் பச்சைக் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் பெரிய பதிவுக் கொப்பியோடு இருந்தார். அவருக்குப் பக்கத்தில் பலகை, பலகைக்குப் பக்கத்தில் இரும்புச் சட்டத்தோடு அளப்பவர். சுற்றிவரக் கயிறு. நாயைப் பிடிப்பவர் மட்டும் உள்ளே போகலாம், மற்றவர்கள் கயிற்றுக்கு வெளியே. நான் அதை எதிர்பார்க்கவில்லை. காதைத் தடவ என் கை அங்கே எட்டாது.

எங்களுக்கு முன்னால் ஒரு சிவப்புத் தொப்பிக்காரர். அவருடைய நாய் கறுப்பியை விட உயரம், கண் உள்ள எவருக்கும் தெரியும். அந்த மனிதர் குனிந்து நாயின் காதுக்குள் ஏதோ முணுமுணுத்து, அதன் பின்னங்கால்களை அகட்டி, தொண்டையைத் தடவினார். நாய் ஈரத் துணியாகத் தொய்ந்தது. சட்டம் இறங்கியது, தொட்டது. அளப்பவர் தலையசைத்தார், கொப்பிக்காரர் எழுதினார். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். ஒருவராவது வாயைத் திறக்க வேண்டுமே. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்தது நாங்கள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காதைத் தடவுங்கோ அப்பா என்று சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொப்பியையும் பேனையையும் பார்த்தார். பார்த்தவுடன் தன் பாட்டில் குதிகாலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். கறுப்பி அண்ணாந்து அவரைப் பார்த்தாள். அவளும் காலைச் சேர்த்தாள், கழுத்தை உயர்த்தினாள். அந்த மைதானத்தில் அன்று ஒழுங்காக நின்றவர்கள் அந்த இரண்டு பேரும்தான். இரும்புச் சட்டம் அவளுடைய தோளில் தங்கி நின்றது. அதன் காலுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி போகும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

அளப்பவர் உடனே எழுதச் சொல்லவில்லை. அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது. அவர் என்னைக் கூப்பிட்டு, நாய் விறைத்து நிற்கிறது, ஒரு சுற்று நடத்திக் கொண்டு வந்தால் இன்னொரு முறை அளக்கலாம், அதற்கு விதியில் இடம் உண்டு, அப்பாவுக்கு விருப்பமா என்று கேள் என்றார். நான் மூச்சு விடாமல் அப்பாவுக்குச் சொன்னேன். ஒரு சொல்லும் விடவில்லை.

அப்பா மறுபடியும் கொப்பியைப் பார்த்தார்.

"வேண்டாம் எண்டு சொல்லு. அவை அளந்தது சரி. நன்றி எண்டும் சொல்லு."

இதை வாசிக்கும்போது நீங்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் நினைப்பீர்கள். அப்பாவுக்குத்தான் பாஷை தெரியாதே, நீ ஓம் என்று சொல்லியிருக்கலாமே என்று. சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால்தான், வீட்டில் சூடாக்கி வேலை செய்யவில்லை என்று கட்டட மனேஜருக்கு அப்பா கடுமையாகச் சொன்னதை நான் பணிவாக மாற்றிச் சொல்லியிருந்தேன். பக்கத்தில் நின்ற பக்கத்து வீட்டு அண்ணை அதை அப்பாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டார். அன்று இரவு அப்பா என்னைச் சாமிப் படத்துக்கு முன்னால் நிறுத்தி, சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று சத்தியம் வாங்கினார். பன்னிரண்டு வயதில் சாமி பொல்லாதவர். நான் கயிற்றுக்கு வெளியே நின்றுகொண்டு, வேண்டாம், நீங்கள் அளந்தது சரி, நன்றி என்று சொன்னேன். அளப்பவர் நிச்சயமா என்று கேட்டார். ஓம் என்றேன். கொப்பிக்காரர் எழுதினார். அப்பா கையெழுத்துப் போட்டார், அழகான கையெழுத்து.

சிவப்புத் தொப்பிக்காரரின் நாய்க்கு அன்று இரண்டாம் இடம் கிடைத்தது. முயல் வளைந்த இடத்தில் அது நேரே ஓடியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

வேட்டைக்காரர் எங்களை ஒஷாவா பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டார். கறுப்பி ட்ரக்கின் பின்பக்கப் பெட்டிக்குள் இருந்தாள். அவர் தன்னிடம் இருந்த பட்டியை அவளுக்குக் கட்டி, பழைய சிவப்புப் பட்டியைக் கழற்றி என்னிடம் தந்தார். கறுப்பி என்று ஒரு தரம் கூப்பிட்டேன். அவள் கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டினாள். ட்ரக் திரும்பிப் போனது. அந்தப் பட்டியும் என்னிடம் நிலைக்கவில்லை. நாய் மயிர் ஒட்டியிருக்கிறது என்று அம்மா அதைக் குப்பைக் குழாயில் போட்டுவிட்டார், ஒன்பது மாடி கீழே.

பஸ் ஏயாக்ஸ் ஊரைத் தாண்டும்போது அப்பா மெல்லச் சொன்னார்.

"பேர் எழுதுற இடத்தில வாதாடக் கூடாது, பிள்ளை. நாளைக்கு உந்தக் கொப்பியை எடுத்து வச்சுக் கேள்வி கேப்பினம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பச்சைக் கழுத்துப்பட்டி, பெரிய கொப்பி, கையெழுத்து எல்லாவற்றையும் பார்த்து அந்த நாய்க் கழகத்தை அரசாங்கம் என்று நினைத்திருக்கிறார். அங்கே ஒரு தரம் முரண்டு பிடித்தால் அது நவம்பரில் விசாரணை அதிகாரியின் மேசைக்கு வந்துவிடும் என்று பயந்திருக்கிறார். ஊரில் சோதனைச் சாவடியில் பெயர் பதிந்தவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றாது என்பது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, கறுப்பி போய்விட்டாள். நவம்பரில் விசாரணை நடந்தது. அதிகாரி கேட்ட கேள்விகள் எல்லாவற்றையும் அப்பா வீட்டுக்கு வந்து ஒப்புவித்தார். நாயைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. எங்களை ஏற்றுக்கொண்டார்கள்.

விசாரணைக்கு முன்பே, போட்டி முடிந்த மறுசனிக்கிழமை கிழவரிடம் போனோம். அவர் மாக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு என்னைத்தான் கேட்டார், ஏன் இரண்டாம் முறை அளக்கச் சொல்லவில்லை என்று. எல்லாருமே கேட்பார்களாம். அவர் தன் ஆயுளில் ஒரு நாயைக்கூட ஒரு தரத்தோடு விட்டதில்லையாம். அப்பா பக்கத்தில் வாளியோடு நின்று, என்னவாம் என்றார். சுகம் விசாரிக்கிறார் என்று சொன்னேன். சத்தியத்தை மீறி நான் மாற்றிச் சொன்னது அந்த ஒரு தரம்தான். யாருக்குப் பயன்பட்டது?

பிறகு நானும் தம்பியும் வளர்ந்தோம். நான் மிசிசாகாவில் விமான நிலையத்தின் பக்கம் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தேன். என் பிள்ளைகள் நாய் கேட்டார்கள், நான் வாங்கிக் கொடுக்கவில்லை. அப்பாவும் நானும் கறுப்பியைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. கடைசி வருடம் அவர் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். ஒரு மத்தியானம் தாதி அவருடைய உயரத்தைக் குறிக்க வந்தாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு, கால் நடுங்க நடுங்க, நேராக நிற்கப் பார்த்தார். எனக்கு எங்கிருந்தோ அந்த ஆத்திரம் வந்துவிட்டது. தாதி போனபிறகு கேட்டேவிட்டேன். அன்றைக்கு எல்லாரும் இரண்டாம் முறை அளக்கச் சொல்லுவார்கள், அது வழக்கம், கிழவர் எனக்குச் சொன்னவர், உங்களுக்கு நோகும் என்று இவ்வளவு காலமும் மறைத்து வைத்திருந்தேன் என்றேன்.

அவர் கொஞ்சமும் திடுக்கிடவில்லை.

"எனக்கும் அந்த நாயில விருப்பம்தான். நான் வேண்டாம் எண்டுதான் சொல்ல ஏலும். நீ மாத்திச் சொல்லுவாய் எண்டு நினைச்சன்" என்றார்.

நாற்பது வருடம் நான் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். சத்தியமும் வாங்கிக்கொண்டு, அதை நான் உடைப்பேன் என்று எதிர்பார்த்தும் கொண்டு, அந்த மனிதர் அங்கே நெஞ்சை நிமிர்த்தி நின்றிருக்கிறார். ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் நாக்கில் தன் பயத்தையும் தன் ஆசையையும் சேர்த்து ஏற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"அளந்த ஆளுக்குத் தலையை ஆட்டுறதுக்கும் இங்கிலிஷ் வேணுமே, அப்பா?" என்று கேட்டேன்.

அவருக்கு அப்போது எண்பத்திரண்டு வயது, பிறகு ஐந்து கிழமைதான் இருந்தார். படுக்கையில் கிடந்த மனிதரிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று தம்பி இன்றைக்கும் சொல்கிறான். நான் கேட்டது சரிதான்.